தாளம் போடுவது யார்?

வணக்கம் நேயர்களே. வலது கை விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே வையுங்கள். துடிக்கிறதா? உடனே பிடிபடாவிட்டால் பரவாயில்லை, பேசி முடிப்பதற்குள் கிடைத்துவிடும்.

இந்தத் துடிப்புக்குத் தாளம் போடுவது யார்? மருத்துவம் படித்த நான், இதய ஸ்கேன்களைக் கணினியில் ஆராயும் வேலைக்கு வந்ததே இந்தக் கேள்வியால்தான். சரியாகச் சொன்னால், இதற்காகத் தூக்கம் கெட்ட ஒருவரால்.

டெனிஸ் நோபிள். 1960-ல் லண்டனில் ஆராய்ச்சி மாணவர். கணவாயின் நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952-லேயே சமன்பாடு எழுதிவிட்டார்கள். அதை இதயத்துக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று இவருக்கு ஆசை. பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மெர்க்குரி கணினியைக் கேட்டுப் போனார். அங்கிருந்தவர்கள், "உன் சமன்பாட்டில் தாளம் போடும் உறுப்பு எங்கே?" என்று மடக்கினார்கள். இவரிடம் பதில் இல்லை. கடைசியில் கிடைத்தது ராத்திரி இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. அப்புறம் விடிவதற்குள் கசாப்புக் கூடத்துக்கு ஓட்டம், சோதனைக்கு ஆட்டு இதயம் வாங்க!

கணினி சொன்னது என்ன? தாளம் போடுபவர் யாருமே இல்லை. இதயச் செல்லின் சுவரில், மின்சாரம் போய்வரச் சில கதவுகள். ஒன்று மெல்ல மூடுகிறது. அதனால் மின்னழுத்தம் ஏறுகிறது. ஏறியதும் இன்னொன்று சட்டென்று திறக்கிறது. உடனே முதல் கதவு மறுபடி திறக்கத் தொடங்குகிறது. ஆளில்லாத கச்சேரி. நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: தாளம் போடுபவர் யாருமே இல்லை.

இன்னொன்று. மெல்ல மூடுவதாக நோபிள் நினைத்த கதவு, உண்மையில் மெல்லத் திறக்கும் வேறொரு கதவு என்று பின்னால் டிஃபிரான்செஸ்கோ என்ற விஞ்ஞானி காட்டினார். நோபிள் சண்டைக்குப் போகவில்லை. அவரோடு சேர்ந்தே 1985-ல் கணக்கைத் திருத்தி எழுதினார். எனக்கு 1960-ஐவிட 1985 பெரிது. அந்தக் கதவை அடக்கி இதயத் துடிப்பைக் குறைக்கும் இவாப்ரடின் மாத்திரை இன்று சில நேயர்களின் டப்பாவிலேயே இருக்கலாம்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஸ்கேனைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள்! ஒரே வரி: இதய ரத்தக் குழாயில் அடைப்புக்கு அப்பால் ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, முன்பு குழாய்க்குள் கம்பி விட வேண்டும். சிடி ஸ்கேன் படத்தை வைத்துக் கணினியே அதைக் கணக்கிட, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் அனுமதி கொடுத்தது. எப்படி என்பதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.