விற்றுவிடக் கூடாத கோழி

நேயர்களுக்கு வணக்கம்.

தலையில் இறகுக் கொண்டையும் கன்னத்தில் இறகுத் தாடியும் உள்ள அலங்காரக் கோழிகளை நிறம் பார்த்து வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோழி முட்டைக்கா, கறிக்கா? இரண்டுக்கும் இல்லை, அழகுக்கு. திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குக் கண்காட்சியே நடத்துகிறார்கள். அங்கே மூக்கையும் வாலையும் பார்ப்பார்கள், இங்கே கொண்டையையும் தாடியையும் இறகின் நிறத்தையும் பார்க்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பறவைக் கடைகளில் 'பாலிஷ் கேப்' என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான் இதில் பேர் பெற்றது. நெதர்லாந்தில் வளர்த்து நிலைப்படுத்திய இனம். கண்ணை மறைக்கிற அளவுக்குத் தலையில் இறகுப் பந்து இருக்கும். தாடி சிலவற்றுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. பிரான்சு நாட்டு ஹூடானுக்குக் கொண்டையும் உண்டு, தாடியும் உண்டு, காலில் ஐந்து விரலும் உண்டு. சீனாவின் சில்க்கி பஞ்சு மாதிரி இருக்கும், அதற்கும் ஐந்து விரல்தான். நம் ராமநாதபுரம் கடற்கரையில் அதிகம் கைமாறுவது பாலிஷும் சில்க்கியும். அப்புறம் இந்த இரண்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பிறந்த 'கிராஸ்'.

சரி, நிறத்துக்கு வருவோம். இப்போது எல்லாரும் கேட்பது ப்ளூ. உண்மையில் அது மழைமேகச் சாம்பல். ஒரு ப்ளூ சேவலும் ஒரு ப்ளூ பெட்டையும் வாங்கிவிட்டால் குஞ்சு எல்லாம் ப்ளூவாக வரும் என்று நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். வராது. கறுப்பு நிறத்தை நீர்க்கச் செய்கிற ஒரு மரபணு இருக்கிறது. அது ஒரு பங்கு கிடைத்த குஞ்சு ப்ளூ. இரண்டு பங்கு கிடைத்தது ஸ்பிளாஷ், அதாவது வெளிறிய உடம்பில் அங்கங்கே மை தெளித்த மாதிரி. ஒன்றுமே கிடைக்காதது கறுப்பு. ப்ளூவுக்கு ப்ளூ போட்டால் சராசரியாக நூற்றுக்கு 50 ப்ளூ, 25 கறுப்பு, 25 ஸ்பிளாஷ். பத்துக் குஞ்சு பொரித்த வீட்டில் இந்தக் கணக்கு முன்னே பின்னே இருக்கும், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

நம் ஆட்கள் அடுத்துச் செய்வதுதான் எனக்குப் பொறுக்காது. ப்ளூவை வைத்துக்கொண்டு, கறுப்பையும் ஸ்பிளாஷையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கறுப்புச் சேவலுக்கு ஸ்பிளாஷ் பெட்டையைச் சேர்த்துப் பாருங்கள், பிறக்கிற குஞ்சு அத்தனையும் ப்ளூ. ஒன்றுகூடத் தவறாது. சந்தையில் கேட்பாரில்லாத இரண்டு கோழியும் சேர்ந்தால்தான் சந்தை கேட்கிற கோழி முழு ஈடாக வரும். விற்றுவிடக் கூடாத கோழி என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

குஞ்சிலேயே இவற்றை இனம் காணலாம். பொரித்து ஈரம் உலர்ந்ததும் கையில் எடுங்கள். கறுப்புக் குஞ்சுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை; அதைப் பார்த்து இது கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள், இறகு முளைக்கும்போது சரியாகிவிடும். ப்ளூ குஞ்சு சிலேட்டுச் சாம்பல். ஸ்பிளாஷ் அதைவிட வெளிறியது. தலையில் ஒரு குமிழ் புடைத்துப் பஞ்சு நின்றால் அது கொண்டைக் குஞ்சு. கன்னம் உப்பி, முகம் உருண்டையாகத் தெரிந்தால் தாடி வரப்போகிறது.

லாவெண்டர் என்று இன்னொரு சாம்பல் இருக்கிறது. ப்ளூவும் அதுவும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. வளர்ந்த கோழியில் பாருங்கள்: ப்ளூவுக்குக் கழுத்து கருத்திருக்கும், இறகின் ஓரத்தில் கரிய கோடு ஓடலாம். லாவெண்டர் தலை முதல் வால் வரை ஒரே வெளிர்ச் சாம்பல். அதன் கணக்கும் வேறு. தாயும் தகப்பனும் லாவெண்டர் என்றால் குஞ்சும் லாவெண்டர்தான். லாவெண்டரைச் சுத்தக் கறுப்போடு சேர்த்தால் பிறப்பது எல்லாம் கறுப்பு, ஆனால் ஒவ்வொன்றும் லாவெண்டரை உள்ளே வைத்திருக்கும். லாவெண்டருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டு போனால் இறகு, முக்கியமாக வால் இறகு, நைந்து பிய்ந்த மாதிரி வர ஆரம்பிக்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் இடையிடையே நல்ல இறகுள்ள கறுப்பைச் சேர்ப்பார்கள். அந்தக் கறுப்புப் பிள்ளைகளை விற்றுவிட்டால், பேரப்பிள்ளையாக வர வேண்டிய லாவெண்டரையும் சேர்த்துத்தானே விற்கிறீர்கள்?

தங்க நிறம், வெள்ளி நிறம் இரண்டும் சேவலுக்கு ஒரு மாதிரி, பெட்டைக்கு ஒரு மாதிரி இறங்கும். பெட்டைக் குஞ்சுக்கு இந்த நிறம் தகப்பனிடமிருந்து மட்டும்தான் வரும். தங்கச் சேவலும் வெள்ளிப் பெட்டையும் சேர்ந்தால் பெண் பிள்ளைகள் தங்கம். ஆண் பிள்ளைகளுக்குத் தாயின் வெள்ளி வரும், உள்ளே தகப்பனின் தங்கம் ஒளிந்திருக்கும். ஆகவே நல்ல வெள்ளிப் பெட்டை ஒன்று உங்களிடம் இருந்து, அந்த நிறத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டுமென்றால், அதன் சேவல் குஞ்சுகளைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இவ்வளவும் நடக்க ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எந்தத் தேதி முட்டை என்று எழுதுங்கள். முட்டையில் பென்சிலால் குறியுங்கள், குஞ்சுக்குக் காலில் நிற வளையம் போட்டு, கால் பருக்கப் பருக்க மாற்றுங்கள். சேவலை மாற்றினால் 3 வாரமாவது பொறுத்துத்தான் முட்டை எடுக்க வேண்டும், பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் அதுவரை இருக்கும். பாலிஷ் பெட்டை பெரும்பாலும் அடைக்கு உட்காராது. சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று வளர்த்தால் 21 நாளும் அது பார்த்துக்கொள்ளும்.

நம் ஊருக்கென்று சில விஷயம் இருக்கிறது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் மணல் பறக்கும். கொண்டை இறகுக்குள் புகுந்து கண் ஒட்டிக்கொள்ளும். கண்ணை மறைக்கிற இறகை மட்டும் கத்தரிக்கலாம், கண்காட்சிக்குப் போகாத கோழிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. கொண்டை மறைப்பதால் மேலே வட்டமிடுகிற பருந்து அதற்குத் தெரியாது. தென்னங்கிடுகுக் கூரையோ வலையோ இல்லாமல் வெளியே மேயவிடாதீர்கள். பழைய மீன்வலை போதும், கண்ணி சிறிதாக இருந்தால் சரி. தண்ணீரை அகலச் சட்டியில் வைத்தால் தாடியும் கொண்டையும் நனைந்து அழுக்குப் பிடிக்கும்; வாய் குறுகிய பாத்திரத்தில் வையுங்கள். வெயில் நேராக விழுந்தால் ப்ளூ செம்பட்டையாகும், வெள்ளை மஞ்சளடிக்கும். அடுத்த இறகுதிர்ப்பு வரை அது போகாது.

இறகு பெரும்பாலும் புரதம். இறகு மாறுகிற காலத்தில் கம்பும் அரிசிக் குருணையும் மட்டும் போட்டால் இறகு நலிந்துதான் வரும். கரையில் கிடைக்கிற சங்காயத்தை, அதாவது வலையில் விழுகிற கழிவுப் பொடிமீனை, உப்புப் போடாமல் காயவைத்து, பொடித்துத் தீவனத்தில் கொஞ்சம் கலக்கலாம். உப்புக் கருவாட்டுத் தூள் வேண்டாம். உப்பு மிஞ்சினால் கழிச்சல் வரும், உயிரும் போகும்.

இன்னொன்று, தலை. பெரிய கொண்டையுள்ள கோழிகளின் மண்டையோட்டில் உச்சி மேடாகப் புடைத்திருக்கும், சிலவற்றில் எலும்பு முழுவதும் மூடியிருக்காது. சார்லஸ் டார்வின் 1868-லேயே இந்த மண்டையோட்டை விரிவாக எழுதியிருக்கிறார். விரல் நுனியால் தடவினால் குஞ்சிலேயே மேடு தெரியும். முரட்டு நாட்டுச் சேவல் அந்த இடத்தில் ஒரு கொத்துக் கொத்தினால் முடிந்தது. ஆகவே தனிக்கூடு. நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தலை கோணி, நடை தள்ளாடுகிற கோழியைத் தாய்க்கோழியாக வைக்கக் கூடாது என்பது என் கட்சி. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள், கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, நம் நாட்டுக்கோழியிலேயே கொண்டைக்கோழி உண்டு, ஒன்றிரண்டுக்குத் தாடியும் இருக்கும். சாயல்குடி, திருப்புல்லாணி பக்கம் பனங்காட்டு வீடுகளில் அப்படி ஒன்று மேய்வதை இன்றைக்கும் பார்க்கலாம். கொண்டைக்கும் தாடிக்கும் ஒரு பங்கு மரபணு போதும், சின்னதாகவாவது வெளியே தெரிந்துவிடும். இந்த உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கிப் பழகிய கோழி அது. பாலிஷில் நிறம் நிலைத்த பிறகு உடம்பில் வலு சேர்க்க அதைத் தேடித்தான் போவேன். அப்படி ஒரு கொண்டைப் பெட்டை உங்கள் தெருவில் இருந்தால், விருந்தாள் வந்த அவசரத்தில் அதைப் பிடித்துவிடாதீர்கள். வேறு கோழியை அறுங்கள். வணக்கம்.