சிங்க்கில் தெறித்த நீல வெளிச்சம்

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. வலையிலிருந்து சொறி மீனை உதறுகிறார்கள்.]

வணக்கம். வலையில ஏறி வர்ற இந்தச் சொறியை, அதாவது ஜெல்லி மீனை, நம்ம காசிமேட்டுல யாரும் மதிக்கமாட்டாங்க. கையில பட்டா எரியும், வித்தா காசும் தேறாது. இதோட இனத்துல ஒண்ணு, பசிபிக் கடல்ல இருக்கிற ஈக்வோரியா, பச்சையா ஒளிரும். அந்த ஒளி எங்கேருந்து வருதுன்னு தேடுறதிலேயே பெரும்பாலான வாழ்நாளைக் கொடுத்தவர் ஒசாமு ஷிமோமுரா.

(2019 ஆகஸ்ட்ல சென்னைக் கடற்கரையில அலை நீலமா மின்னுச்சே, அது நாக்டிலூகாங்கிற ஒரு செல் உயிர். அதோட வேதியியல் வேற.)

[காட்சி: நாகசாகி வரைபடம்.]

1928ல ஜப்பான்ல பிறந்தார். 1945ல நாகசாகியில குண்டு விழுந்தப்ப பக்கத்து ஊரான இசஹாயாவுல இருந்தார், வயசு 16. அந்த வெளிச்சத்துல கொஞ்ச நேரம் கண்ணே தெரியலையாம். அப்புறம் மருந்தியல் படிச்சு, நகோயாவுக்குப் போய், 1956ல சிப்ரிடினாங்கிற குட்டிக் கடல் உயிரோட ஒளிப்பொருளைப் படிகமா எடுத்தார். அமெரிக்காவுல பிரின்ஸ்டன்காரங்க பல வருஷம் முயன்றும் கைகூடாத வேலை அது. அதைப் பார்த்துத்தான் பிரின்ஸ்டன் விஞ்ஞானி ஃபிராங்க் ஜான்சன் அவரைக் கூப்பிட்டார்.

[காட்சி: அமெரிக்காவின் பசிபிக் கரையில் உள்ள ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகம். கத்தரிக்கோல், துணி, சிங்க்.]

1961 கோடை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஈக்வோரியாவோட ஒளி அதோட விளிம்புல மட்டும்தான் வரும். அதனால ஒவ்வொண்ணா எடுத்து, கத்தரிக்கோலால விளிம்பை வளையமா நறுக்கி, துணியில போட்டுப் பிழியணும். பிழிஞ்ச சாறு மங்கலா ஒளிரும், கொஞ்ச நேரத்துல தீர்ந்துபோகும். தீராம நிறுத்தி வைக்கத் தெரிஞ்சாத்தான் பொருளைப் பிரிக்க முடியும்.

உயிரினங்கள் விடற ஒளி எல்லாத்துக்கும் லூசிஃபெரின்ங்கிற ஒளிப்பொருள், அதை ஒளிர வைக்கிற லூசிஃபெரேஸ்ங்கிற நொதின்னு ஒரு ஜோடி இருக்கும்னுதான் அன்னைக்கு நம்பினாங்க. ஜான்சனும் அதையே தேடச் சொன்னார். ஒண்ணும் கிடைக்கலை. ஷிமோமுரா தனி மேஜை போட்டு வேற வழியில போனார். சாற்றை அமிலமாக்கினா ஒளி நிக்குது, அமிலத்தை எடுத்தா திரும்ப வருது. அவ்வளவுதான் தெரிஞ்சுது. வேலை முடிஞ்சு மிச்சத்தை சிங்க்ல ஊத்தினார். சட்டுனு சிங்க் முழுக்க நீலமா வெளிச்சம் தெறிச்சுது. மீன்தொட்டியிலேருந்து வழியற கடல்தண்ணி அந்த சிங்க்லதான் விழுந்துக்கிட்டு இருந்துது. கடல்தண்ணியில இருக்கிற கால்சியம்தான் ஒளியை ஏத்துதுன்னு புரிஞ்சுக்கிட்டார். கால்சியத்தைக் கட்டிப்போடற ஈடிடிஏவைக் கலந்தார், ஒளி அடங்குச்சு.

அந்தக் கோடையில சுமார் 10,000 சொறி, கையில மிஞ்சினது 5 மில்லிகிராம் அளவு புரதம். பேரு ஈக்வோரின். நோபல் பரிசை விட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது: எல்லாரும் நம்புற ஜோடி கிடைக்கலைன்னதும், ‘ஒருவேளை இங்க அது இல்லவே இல்லையோ’ன்னு கேட்ட தைரியம்.

அதைச் சுத்தம் பண்ணும்போதே கூட வந்த இன்னொண்ணு பச்சை ஒளிர்புரதம், ஜிஎஃப்பி. ஈக்வோரின் தர்ற நீல ஆற்றலை வாங்கிப் பச்சையா விடும். 1979ல அதுக்குள்ள ஒளிர்ற பகுதியோட அமைப்பையும் அவரே சொன்னார். அப்புறம் டக்ளஸ் பிராஷர் அதோட மரபணுவைப் பிரிச்சார், 1994ல மார்ட்டின் சால்ஃபி அதைப் புழுவுக்குள்ள ஒளிரவிட்டார், ரோஜர் சியன் பல நிறம் கொண்டுவந்தார். 2008ல ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூணு பேருக்கும் நோபல். அதுக்குள்ள ஷிமோமுரா குடும்பமும் உதவியாளர்களும் பிடிச்ச சொறி சுமார் 8,50,000.

[காட்சி: பர்மா பஜார் கடை. பிறகு வீட்டுச் சமையலறை.]

ஒரு ஒளியை வாங்கி வேற நிறத்துல விடறதுக்குப் பேர் ஒளிர்வு. அதை உங்க வீட்லயே பார்க்கலாம். பர்மா பஜார்ல கள்ள நோட்டு பார்க்கிற யூவி டார்ச் ஒண்ணு வாங்குங்க. கண்ணுல மட்டும் அடிக்காதீங்க. அடுப்பு பக்கத்துல இல்லாம, கண்ணாடி டம்ளர்ல தண்ணி மாதிரி இருக்கிற ஆல்கஹால் சானிடைசர் கொஞ்சம் ஊத்தி ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கலக்குங்க. தூள் அடியில தங்கினதும் விளக்கை அணைச்சுட்டு டார்ச்சை அடிங்க. பச்சை கலந்த மஞ்சள்ல பளிச்னு ஒளிரும்.

அதே மஞ்சள் சேலையில கறையாப் பட்டா அம்மா என்ன செய்வாங்க? மொட்டை மாடி வெயில்ல காயப்போடுவாங்க, கறை போயிடும். டம்ளர்லயும் சரி, சேலையிலயும் சரி, வெளிச்சத்தை வாங்குறது மஞ்சளோட நிறப்பொருளான குர்குமின்தான். வாங்கின ஆற்றலை ஒளியா திருப்பி விட்டா ஒளிர்வு, அந்த ஆற்றலால மூலக்கூறே உடைஞ்சா ஒளிவேதியியல். கறை போறது இந்த ரெண்டாவது வகை.