விரல் காயட்டும், கண் ஈரமாக இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஈப்போவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமான பெண்கள், பரதம் ஆடுகிறவர்கள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்து தெரியாமல் தடுமாறும் காற்பந்துப் பையன்கள். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டுமென்று முதன்முதலாகக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். எல்லாருக்கும் ஒரே பயம்: கண்ணுக்குள் விரலை விடுவதா? உண்மையில் பயப்பட வேண்டியது விரலுக்கு அல்ல, அந்த விரலில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு.

வாங்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். நம் மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி, கான்டாக்ட் லென்ஸை அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பார்வையைச் சோதிப்பவர், அல்லது மருத்துவர். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நீலம், பச்சை, சாம்பல் என்று அடுக்கி வைத்து விற்கிறார்களே, அது சட்டப்படியான விற்பனையே அல்ல. 'பவர் இல்லாத கலர் லென்ஸ்தானே, என்ன ஆகிவிடும்' என்று கேட்பார்கள். பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உட்காருவது அதே கருவிழியின் மேல்தான்.

லென்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று பவர். இன்னொன்று பி.சி., அதாவது லென்ஸின் உள்வளைவு. மென்லென்ஸ்களில் இது பெரும்பாலும் 8.4 முதல் 8.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மூன்றாவது விட்டம், ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். வளைவு இறுக்கமாக இருந்தால் லென்ஸ் அசையாது, அடியில் கண்ணீர் ஓடாது, மாலைக்குள் கண் சிவந்துவிடும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு இமைப்புக்கும் வழுக்கும். கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்கு எழுதவும் முடியாது. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் அளவு தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்ணின் மேலேயே இருக்கிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 6.00 உள்ளவருக்கு லென்ஸில் மைனஸ் 5.50 போல வரும். மைனஸ் 4.00க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது தினசரி லென்ஸ்தான். ஒரு பெட்டியில் பொதுவாக 30 இருக்கும். காலையில் பிரித்துப் போட்டு, இரவில் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். கழுவிக் கழுவி ஒரு மாதம் வரை போடும் மாத லென்ஸைவிடச் செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுவுவது, ஊற வைப்பது, டப்பாவைச் சுத்தமாக வைத்திருப்பது என்று தவறு நடக்கக்கூடிய மூன்று இடங்கள் அதோடு ஒழிந்துவிடுகின்றன. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போடப் போகிறவருக்கு உண்மையில் அதுவே மலிவு.

இனி தண்ணீர். பைப் தண்ணீர், லயத்துக் கூரைமேல் இருக்கும் தாங்கித் தண்ணீர், கிணறு, ஆறு, மழைநீர் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிர் வாழ முடியும். குளோரின் கலந்தால் அது கூடு கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். தண்ணீரோடு லென்ஸில் ஒட்டி, கண்ணில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் கருவிழிக்குள் நுழைந்துவிடும். வந்துவிட்டால் வலி தாங்க முடியாது, சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்குப் பார்வையே போய்விடும். அரிதான நோய்தான். ஆனால் அது வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள். இன்னொரு காரணமும் உண்டு. கண்ணீரில் உப்பு இருக்கிறது, பைப் தண்ணீரில் இல்லை. பைப் தண்ணீர் பட்ட மென்லென்ஸ் உப்பிப் போய், கண்ணோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், கடையில் வாங்கிய மினரல் வாட்டர், எச்சில் எதுவும் லென்ஸில் படக்கூடாது. எச்சிலைச் சொல்லக் காரணம், அவசரத்துக்கு வாயில் போட்டு நனைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கை கழுவுவது இப்படி. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வாசனையும் கிரீமும் சேர்க்காத சாதாரண சோப்பால் 20 விநாடி தேய்த்து அலசுங்கள். பிறகு நன்றாகத் துடையுங்கள், விரல் இடுக்குகள் உட்பட. பூந்துவாலை வேண்டாம்; அதன் நூல் விரலில் ஒட்டி, விரலிலிருந்து லென்ஸுக்கும் லென்ஸிலிருந்து கண்ணுக்கும் போகும். நூல் உதிராத துணியோ நல்ல டிஷ்யூவோ போதும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது லென்ஸ் போட்ட பிறகு, வைத்ததும் மறுபடி கை கழுவுங்கள். எண்ணெய் பட்ட லென்ஸ் பனி படிந்தது போல் மங்கும், எவ்வளவு இமைத்தாலும் தெளியாது.

இப்போது மேசையில் உட்காருங்கள். முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடி, அடியில் சுத்தமான துணி. கழுவு தொட்டிக்கு மேலே குனிந்து நின்று போட வேண்டாம், லென்ஸ் விழுந்தால் நேரே குழாய்க்குள் போய்விடும். எப்போதும் வலது கண்ணிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தால் மாற்றிப் போடாமல் இருக்க இந்தப் பழக்கம் ஒன்றே காவல்.

உறையை லேசாக ஆட்டி, மேல்தாளை உரியுங்கள். லென்ஸ் அடியில் படுத்திருக்கும். நகத்தால் நோண்டாமல், ஆள்காட்டி விரலின் சதைப்பற்றுள்ள நுனியால் தொட்டு, உறையின் ஓரமாக மேலே இழுங்கள். விளிம்பில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழைக் கிழிசல் இருந்தாலும் அதைத் தூக்கி எறியுங்கள், அது இமைக்குள் அறுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, லென்ஸ் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். லென்ஸை விரல் நுனியில் நிறுத்திக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு நேராக மேல்நோக்கி ஏறி, கிண்ணம் மாதிரி இருந்தால் சரி. விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து தட்டு மாதிரி தெரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. சில லென்ஸ்களில் 1, 2, 3 என்று மிகச் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள், வெளியிலிருந்து பார்க்கும்போது எண் நேராகத் தெரிய வேண்டும். மாற்றிப் போட்டால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் உறுத்தும், இமைக்கும்போதெல்லாம் வழுக்கும், சிலருக்குக் கண்ணிலிருந்து கீழே விழுந்தே விடும்.

இனி போடும் விதம். லென்ஸ் வலது ஆள்காட்டி விரலின் நுனியில் நிற்கட்டும். அதே கையின் நடுவிரலால் கீழிமையைக் கீழே இழுங்கள். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, மேலிமையை இமைமுடி முளைக்கும் விளிம்பிலேயே பிடித்துப் புருவ எலும்போடு சேர்த்து அழுத்துங்கள். இமையின் நடுவில் பிடித்தால் கண் எப்படியும் மூடிக்கொள்ளும். இமைப்பது நம் பேச்சைக் கேட்காத அனிச்சைச் செயல். விளிம்பில் பிடித்தால்தான் அதைத் தடுக்க முடியும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். வருகிற விரலைப் பார்க்காதீர்கள், எதிரே கண்ணாடியில் தெரியும் உங்கள் கண்ணைப் பாருங்கள். லென்ஸை மெதுவாகக் கொண்டுபோய்க் கருவிழிமேல் தொடுங்கள், அழுத்த வேண்டியதில்லை. பட்டதும் விரலை எடுத்துவிட்டுக் கீழே பாருங்கள், பிறகு முதலில் கீழிமையையும் அடுத்து மேலிமையையும் மெல்ல விடுங்கள். கண்ணை மூடி, உள்ளே கண்மணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடியில் காற்றுக்குமிழி இருந்தால் அதில் வெளியேறிவிடும்.

கண்ணில் பட்டும் லென்ஸ் விரலோடு திரும்பி வருகிறதா? முதல் நாளில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் விரலில் ஈரம். மென்லென்ஸ் ஈரம் அதிகமுள்ள பக்கம் சாயும். விரல் காய்ந்து, கண் ஈரமாக இருந்தால் தானாகக் கண்ணுக்குத் தாவும். லென்ஸைப் பக்கத்து விரலுக்கு மாற்றி, ஆள்காட்டி விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். அதற்காக லென்ஸையே காய விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் காற்றில் நின்றால் ஓரம் சுருண்டு மடங்கும். மடங்கினால் புதிய சலைன், அதாவது லென்ஸ் அலசக் கடையில் விற்கும் உப்புக் கரைசல், இரண்டு சொட்டு விட்டு விரியுங்கள். நான்கைந்து தடவை முயன்றும் வரவில்லை, கண்ணும் சிவந்துவிட்டது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவோ அக்காவோ போட்டுவிடும் ஏற்பாடு வேண்டாம். அவர்கள் போட்டுவிடலாம், ஆனால் வேலையிடத்தில் கண் உறுத்தும்போது கழற்றுவது யார்? தானே போட்டு, தானே கழற்றிக் காட்டும்வரை கடைக்காரர் லென்ஸைக் கையில் கொடுக்கவே கூடாது.

போட்டதும் சில விநாடி லேசாகக் கூசும், அது இயல்பு. ஒரு நிமிடம் கழித்தும் மணல் விழுந்தது போல் இருந்தால் கழற்றி, சலைனில் அலசி, உள்வெளி பார்த்து மறுபடி போடுங்கள். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு மடங்கி இமையின் உட்புறத்தோடு சேர்ந்துவிடுகிறது, பின்னால் போக வழியே இல்லை. அதிகபட்சம் மேலிமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சலைன் விட்டு, கீழே பார்த்தபடி இமைமேல் மெதுவாகத் தடவினால் இறங்கி வரும்.

கழற்றும்போதும் கை கழுவித் துடைக்க வேண்டும். மேலே பாருங்கள், ஆள்காட்டி விரலால் லென்ஸைக் கருவிழியிலிருந்து கீழே வெள்ளைவிழிக்கு நகர்த்துங்கள், அங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சதைப்பகுதியால் மெல்லக் கிள்ளி எடுங்கள். குளிர்சாதன அறையில் நாள் முழுக்க இருந்தவர்களுக்கு லென்ஸ் காய்ந்து ஒட்டியிருக்கும். உடனே கிள்ளக்கூடாது, கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து உரியும். சலைன் சில சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, லென்ஸ் வழுக்குகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

முதல் நாள் 4 மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு 2 மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம், உங்களுக்குச் சொல்லப்பட்ட எல்லை வரை. லென்ஸோடு தூங்கவே தூங்காதீர்கள், பேருந்தில் போடும் குட்டித் தூக்கமும் இதில் சேரும். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, ஆக்சிஜனைக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. மூடிய இமையும் லென்ஸும் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும், கிருமிக்குக் கதவு திறக்கும். லென்ஸோடு தூங்கினால் தொற்று அபாயம் 6 முதல் 8 மடங்கு கூடுகிறது.

மாத லென்ஸ் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தை. கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸுக்கான கிருமிகொல்லிக் கரைசல் விட்டு, விரலால் தேய்த்து அலசி, புதுக் கரைசலில் ஊற வையுங்கள். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது கூடாது. கிருமிகொல்லியின் வீரியம் அதில் போயிருக்கும். சலைன் அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது. பெராக்சைட் கரைசல் என்றால் அதனோடு வரும் டப்பாவில்தான் போட வேண்டும், குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும்; நேராகக் கண்ணில் பட்டால் சுட்டெரிக்கும். காலையில் டப்பாவைக் கொட்டி, கரைசலால் அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது டப்பா மாற்றுங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களுக்கு வருவோம். சம்பல் இடிக்கப் பச்சை மிளகாய் நறுக்கிய கை, சோப்பு போட்டாலும் மணிக்கணக்கில் எரிச்சலைத் தாங்கியிருக்கும். சமையலுக்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுங்கள், லென்ஸ் போட்டிருக்கும் நாளில் மிளகாய்க்குக் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். கண்மை, பவுடர், ஒப்பனை எல்லாம் லென்ஸ் போட்ட பிறகு. இரவில் முதலில் லென்ஸைக் கழற்றுவது, அப்புறம் ஒப்பனை கலைப்பது. இமையின் உள்விளிம்பில் மை தீட்டினால் அது நேராக லென்ஸுக்குப் போகும். தைப்பூசத்தில் ஆற்றில் முழுக்குப் போடுகிறவர்கள், திருவிழாவில் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்கிறவர்கள், தீமிதிப் புகைக்குள் நிற்கிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியே போட்டுக்கொள்ளலாம். குளிப்பதும் நீச்சலும் லென்ஸ் இல்லாமல்தான்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் லென்ஸைப் பாதுகாப்புக் கண்ணாடியாக நினைத்துவிடக் கூடாது. மேலிருந்து விழும் செதிலும் தூசியும் கண்ணைக் கீறினால் பூஞ்சைத் தொற்று வரலாம், லென்ஸ் அதைத் தடுக்காது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமோ, அம்மோனியாவோ, களைக்கொல்லியோ கண்ணில் தெறித்தால் தண்ணீர் கூடாது என்ற விதி அங்கே செல்லாது. அந்த இடத்திலேயே பைப்பைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். லென்ஸ் அதில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் கழுவுவதை நிறுத்தாதீர்கள். பிறகு நேரே மருத்துவமனை.

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பூளை, மங்கல். இவற்றில் ஒன்று வந்தாலும் லென்ஸைக் கழற்றுங்கள், புதியதையும் போடாதீர்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக்கூடியது. 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம்' என்பது இதற்கு ஆகாது. வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மறைந்து கிருமி உள்ளே பெருகும். சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால், தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கரைசல் பாட்டிலையும் கழுவாமல் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவும். வணக்கம்.