கடனையும் அடைசலையும் சேர்த்தே தீர்ப்பது எப்படி?

[திரை: படுக்கையறையின் மூலையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள். கைப்பிடி முழுக்கத் துணிகள்.]

வணக்கம். இந்த சைக்கிளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வேகம் காட்டும் சின்னத் திரையின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. பெடலில் தூசி. கைப்பிடி துணி போடும் இடமாகிவிட்டது. இதற்கான தவணை மட்டும் மாதம் தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

கடனை அடைப்பது, வீட்டில் குவிந்து கிடக்கும் வேண்டாத சாமான்களை ஒழிப்பது. இந்த இரண்டையும் நாம் தனித்தனி வேலையாகவே வைத்துக்கொள்கிறோம். முதலில் கடன் தீரட்டும், அப்புறம் வீட்டை ஒழுங்குபண்ணலாம் என்று தள்ளிப்போடுகிறோம். சேர்த்துச் செய்தால் இரண்டுமே சீக்கிரம் நடக்கும் என்பதுதான் நான் சொல்ல வருவது. பல வீடுகளில் பணம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் அலமாரிக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாக் கடனும் அப்படி வந்ததல்ல. மருத்துவச் செலவு, வேலை போனது, படிப்பு என்று வேறு வழியே இல்லாமல் வாங்கிய கடன்கள் ஏராளம். அதற்காக யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. அந்தக் கடனை அடைக்கவும் இங்கே சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தும்.

[திரை: வெள்ளைத் தாள், பேனா. நான்கு பத்திகள் கோடு போடப்படுகின்றன.]

முதல் வேலை, வீட்டில் சம்பாதிப்பவர்களும் செலவழிப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. யாருக்குத் தர வேண்டும், நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். கைமாற்றாக வாங்கியதையும் விடாதீர்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவியிடமோ, மனைவிக்குத் தெரியாமல் கணவனிடமோ ஒரு கடன் இருந்தால், அது வெளியே வர வேண்டிய நாள் இதுதான். "ஏன் சொல்லவில்லை" என்று சண்டை பிடிக்கத் தோன்றும். அன்றைக்கு மட்டுமாவது வேண்டாம். சண்டை வந்துவிட்டால் தாள் பாதியில் நின்றுவிடும், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

வட்டியை எழுதும்போது ஒரு கவனம். மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 என்றுதான் மனம் கணக்குப் போடும். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறினால், ஆண்டு முடிவில் அது 42.6 சதவீதம். இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

இனி கிரெடிட் கார்டு பில்லில் எழுதியிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'க்கு வருவோம். இந்த வீடியோவில் ஒரு பகுதியை மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இதைப் பாருங்கள்.

[திரை: இரண்டு கோடுகள். ஒன்று மெதுவாகச் சரிகிறது, இன்னொன்று தரையைத் தொடுகிறது.]

நாணயம் எதுவாக இருந்தாலும் சரி, நிலுவை 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3 சதவீதம். வட்டி சேர்ந்த பிறகு வரும் நிலுவையில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்பது விதி. புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாதம் கட்டுவது 5,150. நிலுவை குறையக் குறைய, கட்டச் சொல்லும் தொகையும் குறைந்துகொண்டே வரும். நமக்கும் நிம்மதியாக இருக்கும். அப்படியே ஒரு வருடம் கட்டினால் கையிலிருந்து சுமார் 55,000 போயிருக்கும். கடன் குறைந்திருப்பது 23,000 மட்டும். மீதி 32,000 வட்டிக்கே போய்விட்டது. 30 மாதம் கழித்துப் பார்த்தாலும் 52,000 பாக்கி நிற்கும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். பில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். அதே 30வது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். கடைசித் தவணை முழுதாகக்கூட வராது. முதல் மாதம் முடிந்த தொகைதானே, அதை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். இத்தனை பெரிய வித்தியாசம் இவ்வளவு சின்ன விஷயத்தில் இருப்பதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அலமாரிக்கு வருவோம்.

வேண்டாததை விற்றுக் கடனை அடைக்கலாமா? ஓரளவுக்கு. மேலே சொன்ன அதே கடனில், ஆரம்பத்திலேயே சாமான் விற்ற காசு 10,000ஐக் கட்டிவிட்டால், 30 மாதம் 26 ஆகிவிடும். கடைசியில் கட்டினால் இரண்டு தவணைகூட முழுதாகக் குறையாது. அதனால் விற்பதை முதலில் செய்யுங்கள். காசு கைக்கு வந்த அன்றே கடனில் கட்டுங்கள். கணக்கில் கிடந்தால் வேறு செலவுக்குக் கரைந்துவிடும்.

விற்கப் போகும்போது விலையைக் கேட்டு மனம் நோகும். இதற்குக் காரணம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு மட்டும் ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து, விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள், சற்று முன்தான் அதைக் கையில் வாங்கியவர்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்த கோப்பைக்கே இப்படி என்றால், ஆறு வருடமாக வைத்திருக்கும் சோபாவுக்குக் கேட்கவா வேண்டும்? வாங்கிய விலையை மறந்துவிட்டு, இன்றைக்கு இது உங்களிடம் இல்லையென்றால் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு விலை வந்தால் கொடுத்துவிடலாம்.

விற்பதைவிடப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு இழுப்பறையைக் கீழே கொட்டிப் பாருங்கள். மூன்று கத்தரிக்கோல், எந்தக் கருவிக்கு என்றே தெரியாத சார்ஜர்கள், திறக்காத பேட்டரி அட்டை இரண்டு. இருந்தது கண்ணில் படாததால் மறுபடி வாங்கியவை இவை. வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கடைக்குப் போகும் கை தானாக நிற்கும். வீட்டை ஒழிப்பதில் கடனுக்குக் கிடைக்கும் உண்மையான உதவி இதுதான். ஒழுங்குபடுத்துவதற்கென்று புதுப் பெட்டிகள், அடுக்குகள் வாங்காதீர்கள். பாதிச் சாமான் வெளியே போன பிறகு இருக்கும் அலமாரியே போதும்.

ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை போதும். அடுத்தவர் பொருளில் அவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள், குழந்தையின் பொம்மையாக இருந்தாலும். ஒரு முறை நம்பிக்கை போனால் வீட்டில் எல்லோரும் தங்கள் சாமானை ஒளித்துவைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

[திரை: பழைய தாள். சின்னக் கடன் ஒன்றின் மேல் கோடு.]

எந்தக் கடனை முதலில் அடைப்பது? கணக்குப்படி, வட்டி அதிகமானதை. மற்ற எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணை, மிச்சம் பிடித்த காசு முழுக்க அதற்கு. ஆனால் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய கணக்குகளை முழுதாக முடித்தவர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்துக் கடனிலிருந்து வெளியே வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. என் கருத்து இது: வட்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் அதிக வட்டியைத் தொடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் சின்னதை முடித்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடு தரும் தெம்பு சாதாரணமில்லை.

அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையைத் தொடாமல் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஏதாவது பழுதானதும் மறுபடி கார்டைத்தான் எடுப்போம். தவணை கட்ட முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், தேதி தாண்டும் வரை காத்திருக்காமல் கடன் கொடுத்தவரிடம் பேசிவிடுங்கள். தாண்டிய பிறகு பேசுவது எப்போதுமே கடினம்.

[திரை: காகிதக் குவியல்.]

காகிதங்களை ஒழிக்கும்போது மட்டும் வேகம் வேண்டாம். காலாவதியான வாரன்டி கார்டு, வீட்டில் இல்லாத பொருளின் கையேடு எல்லாம் தாராளமாகப் போகலாம். கடன் ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், அடமானம் வைத்த சொத்தின் பத்திர நகல் ஆகியவை ஒரு உறைக்குள் போகட்டும். கடைசித் தவணை கட்டியதும், கடன் முழுதாக முடிந்தது, பாக்கி ஒன்றுமில்லை என்று கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடமானமாகக் கொடுத்த பத்திரமோ நகையோ இருந்தால் அதையும் அப்போதே சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை அதே உறையில் போட்டு, உறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.