திருகோணமலையில் நானும் இவரும் வழக்கமாகப் போகிற இடங்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு நான் தனியாகத்தான் கதைக்கப் போகிறேன். இவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நின்றாலும் கமராவுக்கு முன்னால் வரமாட்டார், அது வேறு கதை. எங்கே சாப்பிடுவது என்பது எப்போதும் இவருடைய தீர்ப்பு. எங்கே சுற்றுவது என்பது என்னுடைய இலாகா.

திருகோணமலைக்கு வருகிற நிறையப் பேர் நேரே நிலாவெளியில் ரூம் போட்டு, புறாத்தீவுக்குப் படகில் போய், கோணேசரையும் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டுவிடுவார்கள். டவுனுக்குள் ஒரு நேரம்கூடச் சாப்பிடுவதில்லை. எனக்கு அதுதான் மனவருத்தம். நிலாவெளி நல்ல கடற்கரைதான், ஆனால் ஊர் டவுனுக்குள்தான் இருக்கிறது.

விடிய எழும்பி டச் பே கடற்கரைக்குப் போங்கோ. அது கிழக்குப் பார்த்த கடல் என்பதால் சூரியன் நேரே தண்ணீருக்குள் இருந்து எழும்பும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன. இடியப்பம், சம்பல், தேசிக்காய் பிழிந்த சொதி. பிந்திப் போனால் இடியப்பம் முடிந்து பாணும் பருப்பும்தான் மிச்சம். கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாதேங்கோ, எடுத்ததற்கு மட்டும்தான் காசு. இவருக்கு முன்னால் அந்தத் தட்டை வைத்தால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. வழியெல்லாம் புள்ளிமான்கள் நிற்கும். தயவுசெய்து பொலித்தீன் பையோடு எதையும் போடாதேங்கோ, அதுகள் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது உங்களுக்குத் தெரியும். அதனுடைய எச்சங்களை 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் மூழ்கிப் பார்த்தார்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் ஒரு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில் கட்டியிருப்பார்கள். நான் கடலைப் பார்ப்பதை விட அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கூட.

கன்னியா வெந்நீரூற்று டவுனில் இருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவுதான். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சனி, ஞாயிறு சனம் நெருக்கும், வார நாளில் போங்கோ.

இனி இவருடைய பகுதி. கிண்ணியா எருமைத் தயிர்! முன்பு கிண்ணியாவுக்கு ஃபெரியில்தான் போக வேண்டியிருந்தது. 2009 இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்தால் போதும். மண்சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையக் கூடாது, அதுதான் இவருடைய சோதனை. கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட வேண்டும். சீனி போட்டால் இவருக்குக் கோபம் வரும். நான் சீனிதான் போடுவேன்.

பின்னேரம் உட்துறைமுக வீதிப் பக்கம் வாங்கோ. டவுன் ஒடுங்கிய நிலம் என்பதால் காலையில் ஒரு கடலில் எழும்பின சூரியனை மாலையில் அடுத்த பக்கம் துறைமுகத்துக்கு மேலே பார்க்கலாம். அப்புறம் திரும்பவும் டச் பே. இறால் வடை சுடச்சுட இருக்க வேண்டும், ஆறினால் வாங்காதேங்கோ. போயா நாளென்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோ, முழு நிலவு கடலில் இருந்து ஏறும்.

இரவுக்குக் கொத்து ரொட்டி. எந்தக் கடை என்று கேட்டால் தகடு அடிக்கிற சத்தத்தைப் பின்பற்றிப் போங்கோ. கோழியை விட மீன் கொத்துத்தான் இந்த ஊருக்குச் சரி என்பது என் கட்சி, இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நவம்பர், டிசம்பர் மழைக்காலம், அப்போது புறாத்தீவை நம்பி வராதேங்கோ. கொத்தை நம்பி வரலாம்.