விம் அமைப்புக் கோப்பு எங்கே? விம்மையே கேளுங்கள்

[திரை: டெர்மினலில் விம். வரி எண்கள் தெரிகின்றன. மூடித் திறந்ததும் மறைகின்றன.]

விம் என்ற உரைத் திருத்தியிடம் வரி எண் வேண்டும் என்று சொன்னீர்கள், காட்டியது. மூடித் திறந்தால் காணோம். தட்டிய கட்டளை அந்த ஒரு அமர்வுக்கு மட்டும்தான். நிலைத்திருக்க வேண்டுமென்றால் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். எல்லா விடையும் ஏதோ ஒரு கணினியில் சரிதான். உங்கள் கணினிக்கான விடை விம்மிடம் இருக்கிறது.

[திரை: முக்காற்புள்ளி, வெர்ஷன், என்டர்]

எஸ்கேப் விசையை அழுத்திவிட்டு இதைத் தட்டுங்கள். நீளமாக ஏதேதோ ஓடும், பயப்பட வேண்டாம். நடுவில் 'யூசர் விம்ஆர்சி ஃபைல்' என்று ஒரு வரி வரும். அதன் கீழேயே இரண்டாவது இடமும் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் முதல் இடம், உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் விம்ஆர்சி. விண்டோஸில் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு. 'சிஸ்டம் விம்ஆர்சி' என்று ஒன்றும் தெரியும். அது கணினியில் எல்லோருக்கும் பொதுவானது, அதில் கை வைக்காதீர்கள்.

இந்த வரிசை முக்கியம். முதல் இடத்தில் கோப்பு கிடைத்துவிட்டால், அடுத்த இடத்தை விம் ஏறெடுத்தும் பார்க்காது. இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் இரண்டாவது இடத்துக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். எப்போதோ உருவாக்கி மறந்துபோன பழைய கோப்பு முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

[திரை: விம்முக்குள் முக்காற்புள்ளி, எக்கோ, இடைவெளி, டாலர் குறி, ஒட்டினாற்போல் மைவிம்ஆர்சி]

அன்று இந்தக் கட்டளை தெரிந்திருந்தால் ஒரு நிமிட வேலை. மைவிம்ஆர்சி முழுவதும் பெரிய எழுத்து. இப்போது உண்மையில் படிக்கப்பட்ட கோப்பு எது என்று இது காட்டும். வெற்று வரி வந்தால் உங்களுக்கென்று கோப்பே இல்லை என்று பொருள்.

இல்லையென்றால் விம்முக்குள்ளிருந்தே உருவாக்குங்கள். விண்டோஸில் நோட்பேடைத் திறந்தால், பெயரின் வாலில் டிஎக்ஸ்டியைச் சேர்த்துவிடும், விம் அதைத் தன் கோப்பாகவே கருதாது. லினக்ஸிலும் மேக்கிலும் வேறு சங்கடம்: புள்ளியில் தொடங்கும் கோப்பு வழக்கமான பட்டியலில் தெரியாது. டெர்மினலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் சின்ன ஏ எழுத்தும் சேருங்கள்.

[திரை: புதிய கோப்பு சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை திறந்ததும் வண்ணங்கள் மறைகின்றன.]

இங்கேதான் பலர் திகைக்கிறார்கள். ஒரே ஒரு வரி எழுதினோம், நிரலின் வண்ணங்கள் எங்கே போயின? 2016-இல் வந்த விம் 8 முதல், உங்களுக்குக் கோப்பு இல்லாவிட்டால் டீஃபால்ட்ஸ் விம் என்ற கோப்பை விம் தானாகப் படிக்கிறது. வண்ணம் அதிலிருந்துதான் வருகிறது. வெற்றுக் கோப்பு ஒன்றை நீங்கள் வைத்தாலும், 'இவருக்குச் சொந்த ஏற்பாடு இருக்கிறது' என்று அதை விட்டுவிடும். 'source $VIMRUNTIME/defaults.vim' என்ற சோர்ஸ் வரியை உங்கள் கோப்பின் முதல் வரியாகச் சேருங்கள், இழந்தது திரும்பிவிடும்.

அதன் கீழே மூன்றே வரிகள் போதும். வரி எண்ணுக்கு 'செட் நம்பர்', டேப் விசைக்கு இடைவெளிகள் விழ 'செட் எக்ஸ்பேண்ட்டேப்', உள்தள்ளல் அளவுக்கு 'செட் ஷிஃப்ட்விட்த்' சமம் 2. அடுத்தவரின் இருநூறு வரிக் கோப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஏதாவது கெட்டால் எந்த வரி கெடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. குறிப்பு எழுத, வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு இரட்டை மேற்கோள் குறி. அதை மூட வேண்டியதில்லை, விம்மின் விசித்திரம் அது.

சேமித்துவிட்டு, அதே கோப்பில் இருந்தபடியே முக்காற்புள்ளி, சோர்ஸ், இடைவெளி, சதவீதக் குறி. உடனே நடப்புக்கு வரும். ஆனால் ஒரு வரியை அழித்துவிட்டு இதைச் செய்தால் பழைய அமைப்பு போகாது. விம்மை மூடித் திறக்க வேண்டும்.

[திரை: பைத்தான் கோப்பு. உள்தள்ளல் 4 இடைவெளி.]

இரண்டு என்றுதானே எழுதினோம்? முக்காற்புள்ளி, 'வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்', கடைசியில் கேள்விக்குறி. அளவு 4 என்றும், அதை மாற்றியது விம்மோடு வரும் பைத்தான் கோப்புவகைச் செருகி (பைத்தான் கோப்பைத் திறந்ததும் ஓடும் சிறு நிரல்) என்றும் பாதையோடு காட்டுகிறது. உங்கள் கோப்பில் பிழையில்லை, அதற்குப் பிறகு இது படிக்கப்பட்டிருக்கிறது. 'பைத்தான் ரெகமெண்டட் ஸ்டைல்' என்ற மாறிக்குப் பூஜ்ஜியம் கொடுக்கும் 'let g:python_recommended_style = 0' என்ற வரியை விம்ஆர்சியில் சேர்த்துவிட்டு மீண்டும் திறக்கிறேன்.

[திரை: அதே பைத்தான் கோப்பு. உள்தள்ளல் 2.]