அலர்ட் குவியலோடு இன்டெலிஜென்ஸ் ஃபீடும் சேர்ந்தால் வேலை கூடுமா, குறையுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, எஸ்ஓசியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சீமில் வரும் அலர்ட்டையே ஷிஃப்ட்டுக்குள் பார்த்து முடிக்க முடியவில்லை. இப்போது த்ரெட் இன்டெலிஜென்ஸ் ஃபீட் வேறு வாங்கி இணைக்கப்போகிறார்களாம். வேலை குறையுமா, கூடுமா?"

ஒளிக்காமல் சொல்கிறேன் தம்பி, முதல் மாதம் கூடும். இணைக்கிற விதம் தப்பாக இருந்தால் அப்புறமும் குறையாது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்ஓசி என்பது கம்பெனி நெட்வொர்க்கில் யாராவது புகுகிறார்களா என்று கண்காணிக்கும் பிரிவு. சீம் என்பது சர்வர், ஃபயர்வால், லேப்டாப் எல்லாவற்றின் லாக்கையும், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவையும், ஓரிடத்தில் சேர்த்து, சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் மணி அடிக்கும் கருவி. ஃபீட் என்பது வெளியே எங்கெங்கோ நடந்த தாக்குதல்களில் பிடிபட்ட ஐபி, டொமைன், ஃபைல் ஹேஷ் (ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி) ஆகியவற்றின் பட்டியல். இரண்டையும் ஒப்பிட்டால் 'மேட்ச்' கிடைக்கும். விற்க வருகிறவர்கள் இந்த மேட்ச்சைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஓர் அலர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவு லேப்டாப் ஒன்று, முன்பின் தெரியாத ஒரு டொமைனோடு பேசியிருக்கிறது. சீம் சொல்வது அவ்வளவுதான். சந்தேகப்படும் ஃபைல், டொமைன்களைச் சோதித்துப் பார்க்கும் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் அந்த டொமைனைப் போட்டால், எப்போது பதிவானது, எந்தெந்த ஐபியில் இருந்தது, எந்த ஃபைல்கள் அதோடு பேசியிருக்கின்றன என்று ஒரே திரையில் வரும். பதிவாகி நாலு நாள்தான் ஆகிறது என்றால், அந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ் லேப்டாப்புக்கு அதோடு என்ன பேச்சு? உடனே மேலே அனுப்பிவிடலாம். பத்து வருடப் பழைய டொமைன், பிரின்டர் கம்பெனியின் அப்டேட் சர்வர் என்றால் மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். வேலை குறைவது இங்கேதான்.

இன்னொரு பயன், பின்னோக்கித் தேடுவது. இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. 2020-இல் நடந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம் நினைவிருக்கும். ஓரியன் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே பின்கதவை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதில் கம்பெனியின் சொந்த டிஜிட்டல் கையொப்பமே இருந்தது. உள்ளே போனதும் இரண்டு வாரம் வரை சும்மா கிடக்கும், அப்புறம்தான் வாயைத் திறக்கும். எந்த ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் வரும்? கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை நிறுவியிருக்கலாம் என்று சோலார்விண்ட்ஸே சொன்னது.

ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் வீட்டுக்குள் புகுந்த திருடனைத் தேடப்போய் இதைக் கண்டுபிடித்தது. டிசம்பர் 13 அன்று விவரத்தை வெளியிட்டு, கண்டறியும் விதிகளைக் கிட்ஹப் என்ற கோடு பகிரும் தளத்தில் இலவசமாகவே போட்டது. அதன்பிறகு அனலிஸ்ட்கள் முதலில் செய்த காரியம், அந்தப் பின்கதவு தொடர்புகொண்ட ஏவிஎஸ்விஎம்கிளவுட் டாட் காம் என்ற டொமைனைப் பழைய டிஎன்எஸ் லாக்கில், அதாவது எந்தக் கணினி எந்த டொமைனின் முகவரியைக் கேட்டது என்ற பதிவில், தேடியதுதான். அந்த டொமைனுக்கு முன்னால் வந்த புரியாத எழுத்துக் கோவைக்குள், பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் டொமைன் பெயரே ஒளிந்திருந்தது. பதிலில் சிநேம் ரெக்கார்டு, அதாவது 'வேறொரு டொமைனுக்குப் போ' என்ற குறிப்பு, வந்திருந்தால், தாக்கியவர்கள் அந்த நிறுவனத்தை அடுத்த கட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஒரே ஒரு டொமைன் பெயர், எவ்வளவு சேதி பாருங்கள்!

ஆனால் தேடுவதற்கு லாக் இருக்க வேண்டுமே. அந்த அப்டேட் போகத் தொடங்கியது மார்ச்சில், வெளியே தெரிந்தது டிசம்பரில். நம் ஊரில் சைபர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், டிசம்பர் 13-இலிருந்து 180 நாள் பின்னால் போனால் ஜூன் நடுவில் நின்றுவிடுவீர்கள். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் போச்சு. ஃபீடுக்குக் கொட்டும் காசில் கொஞ்சத்தை டிஎன்எஸ் லாக் சேமிக்கச் செலவழியுங்கள் என்று நான் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான்.

வேலை எப்படிக் கூடும் என்பதற்கு என் சொந்த அனுபவமே இருக்கிறது. முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு ஃபீடை வாங்கி, வடிகட்டாமல் ஃபயர்வாலில் பிளாக் செய்யும்படி இணைத்துவிட்டோம். அதில் 8.8.8.8 இருந்தது. கூகுளின் பொது டிஎன்எஸ்! ஏதோ ஒரு மால்வேர், இன்டர்நெட் இருக்கிறதா என்று பார்க்க அதைத் தொட்டிருக்க வேண்டும், அதுவும் பட்டியலில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலை முழுக்க ஃபோன் ஓயவில்லை. இப்படிப்பட்ட ஃபீட் தகவலைச் சேர்த்துப் பகிரும் மிஸ்ப் என்ற இலவசக் கருவியில் இதற்கென்றே 'வார்னிங்லிஸ்ட்' உண்டு. இப்படிப்பட்ட முகவரி வந்தால் பார்த்துச் செய்யப்பா என்று சொல்லும். எங்களுக்கு அது தெரிந்தது செவ்வாய்க்கிழமை.

இடையில் ஒன்று, மறந்துவிடுவேன். வைரஸ்டோட்டலில் ஆபீஸ் ஃபைலை அப்படியே ஏற்றாதீர்கள். காசு கட்டிய சந்தாதாரர்கள் அதை இறக்கிப் பார்க்க முடியும், அதில் உங்கள் வாடிக்கையாளரின் விவரம் இருந்தால் தொலைந்தது. முதலில் ஹேஷை மட்டும் தேடுங்கள்.

ஆகவே தம்பி, உங்கள் லீடிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதல் ஒரு மாதம் ஃபீட் தானாக அலர்ட் எழுப்ப வேண்டாம், ஏற்கெனவே வருகிற அலர்ட்டின் பக்கத்தில் தகவலாக மட்டும் வரட்டும். ஐபிக்குக் காலாவதி தேதி வையுங்கள். இன்று தாக்கியவன் கையில் இருக்கும் ஐபி, அடுத்த மாதம் யாரோ ஒரு பாவப்பட்ட கடைக்காரரின் வெப்சைட்டாக இருக்கும். எத்தனை மேட்ச் வந்தது என்று மேலிடம் கேட்டால், எத்தனை அலர்ட்டைச் சீக்கிரம் மூட முடிந்தது என்ற கணக்கைக் காட்டுங்கள். அதற்கு இன்றைக்கே ஒரு ஷீட்டில், அலர்ட் ஒன்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கத் தொடங்கிவிடுங்கள், ஃபீட் வருவதற்கு முன்னாலேயே.

அடுத்த கேள்வி மெயில் ஹெட்டர் பற்றி.